வெள்ளிக்கிழமை காலை 9.30: திருகோணமலையில் ராப் அல்பங்களுக்குக் காத்திருப்போரின் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்கா, கனடா, பிரித்தானியா என்று எங்கிருந்து அல்பம் வந்தாலும், தமிழில் வந்தாலும், திருகோணமலையில் இருந்து அதை எதிர்பார்த்திருப்பவர்கள் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். எந்தத் திகதியை நம்புவது, நம்முடைய நேரத்துக்கு எப்போது வரும், டேட்டாவை எப்படிச் சமாளிப்பது, வந்ததும் எப்படி ஒழுங்காகக் கேட்பது. அவற்றுக்கான பதில்கள் இங்கே.

புதிய அல்பங்கள் ஏன் எப்போதும் வெள்ளிக்கிழமை வருகின்றன?

2015 யூலை 10 முதல் உலகம் முழுவதற்கும் வெள்ளிக்கிழமை பொது வெளியீட்டு நாளாக்கப்பட்டது. அதற்கு முன் அமெரிக்காவில் செவ்வாய், பிரித்தானியாவில் திங்கள் என்று நாட்டுக்கு நாடு வேறுபட்டது. ஓரிடத்தில் வந்த அல்பம் மற்ற இடத்தில் திருட்டுப் பிரதியாகப் பரவ அந்த இடைவெளியே வழிசெய்தது. அமெரிக்காவின் பில்போர்ட் தரவரிசைக் கணக்கும் வெள்ளியில் தொடங்கி வியாழனில் முடிகிறது. ஆகவே வெள்ளியில் வெளியிட்டால் முழுதாக ஏழு நாள் கணக்கில் சேரும்.

கட்டாயம் எதுவும் இல்லை. கன்யே வெஸ்டின் ‘டொண்டா’ 2021 ஓகஸ்ட் 29, ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஐந்து நாள் கணக்கோடேயே முதலிடம் பிடித்தது.

நம்முடைய நேரத்துக்குச் சரியாக எத்தனை மணிக்கு வரும்?

இதில்தான் ஆகக்கூடிய குழப்பம். லேபிள், அதாவது அல்பத்தை வெளியிடும் இசை நிறுவனம், இரண்டில் ஒரு முறையைத் தெரிவு செய்கிறது.

முதலாவது, உலகம் முழுவதற்கும் ஒரே கணத்தில் வெளியிடுவது. அமெரிக்காவின் பெரிய ராப் அல்பங்கள் பெரும்பாலும் நியூயோர்க் நள்ளிரவு 12 மணிக்கு இப்படி வருகின்றன. மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை அங்கே கோடைகால நேரம், அப்போது நமக்கு வெள்ளி காலை 9.30. மற்ற மாதங்களில் காலை 10.30. டொரொண்டோவும் நியூயோர்க்கின் நேரத்தில்தான் இயங்குகிறது என்பதால் கனடாத் தமிழ் ராப்பர்களுக்கும் இதே கணக்குப் பொருந்தும். கலிபோர்னியாக் கலைஞர் ‘இன்று இரவு 9 மணி’ என்று வியாழக்கிழமை பதிவிட்டால், அதுவும் இதே நேரம்தான்.

இரண்டாவது, ஒவ்வொரு நாட்டிலும் அந்தந்த நாட்டின் நள்ளிரவில் வெளியிடுவது. அப்படியானால் வியாழன் இரவு 12 மணிக்கே நம் கையில் இருக்கும், அமெரிக்கர்களுக்கு 9 மணித்தியாலத்துக்கும் மேல் முன்னதாக. நியூசிலாந்தில் நள்ளிரவாகும்போது இங்கே வியாழன் மாலை 5.30, அவர்களின் கோடையில் 4.30. நியூசிலாந்தில் அந்த நேரத்தில் அல்பம் திறந்துவிட்டதா என்று பாருங்கள். திறந்திருந்தால் நமக்கும் நள்ளிரவில் வரும். திறக்கவில்லையென்றால் படுத்துத் தூங்கிவிட்டுக் காலையில் கேளுங்கள். வீணாக விழித்திருப்பதைத் தவிர்க்க இதைவிட நம்பகமான அடையாளம் இல்லை.

பிரித்தானிய வெளியீடு இலண்டன் நள்ளிரவுக்கு என்றால் நமக்குக் கோடையில் அதிகாலை 4.30, குளிர்காலத்தில் 5.30. இந்திய வெளியீடுகளுக்குக் கணக்கே தேவையில்லை. 2006 ஏப்ரல் முதல் இலங்கை நேரமும் இந்திய நேரமும் ஒன்றே.

ஃபோனின் உலகக் கடிகாரத்தில் நியூயோர்க்கைச் சேர்த்து வைத்தால் கோடை, குளிர்கால மாற்றத்தை மனதில் வைத்திருக்க வேண்டியதில்லை.

வெள்ளி 9.30க்குப் பாடசாலை நடக்குமே?

நடக்கும். 1.30க்கு மணி அடிக்கும் வரை அல்பம் எங்கும் ஓடிவிடாது. அதுவரை வொட்ஸ்அப் குழுவை மியூட்டில் போட்டு, ‘அல்பம் பற்றிய கதை இரவு 8க்குப் பிறகு’ என்று குழுவில் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கிண்ணியா, மூதூர்ப் பக்கம் ஜும்ஆ முடிந்து வருபவர்களுக்கும், உவர்மலைப் பக்கம் அலுவலகம் முடிந்து வருபவர்களுக்கும் அதுவே நியாயமான நேரம்.

ஒரு திகதி உண்மையா பொய்யா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மூன்று இடங்களில் பாருங்கள்: கலைஞரின் சொந்தக் கணக்கு, லேபிளின் கணக்கு, அப்பிள் மியூசிக்கிலோ ஸ்பொட்டிஃபையிலோ உள்ள முன்பதிவுப் பக்கம். மூன்றிலும் ஒரே திகதி இருந்தால் நம்பலாம். கலைஞர் மேடையில் ‘கெதியில் வருகிறது’ என்று சொன்னதைத் திகதியாக எடுக்க வேண்டாம். தயாரிப்பாளர் ஒருவர் ஸ்டூடியோப் படம் போட்டதும் அப்படித்தான். அந்தப் பாட்டு அல்பத்தில் சேருமா என்பது அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

டிசம்பர் 31 என்று ஒரு கடையின் பக்கத்தில் கண்டால் சந்தேகப்படுங்கள். திகதி முடிவாகாதபோது அந்தப் பெட்டியை நிரப்புவதற்காகப் போடும் நாள் அது. பாடல் பட்டியல் என்று பரவும் படங்களில் பெரும்பாலானவை ரசிகர்கள் செய்தவை. விருந்தினர் பெயர்களில் அந்த ஆண்டின் புகழ்பெற்ற எல்லோரும் இருந்தாலே அது போலி என்று எடுத்துக்கொள்ளலாம். குரலே கேட்கிறதே என்றாலும் போதாது. 2023 ஏப்ரலில் டிரேக்கின் குரலைப் போலச் செயற்கை நுண்ணறிவால் செய்த ஒரு பாட்டு, நீக்கப்படுவதற்குள் இலட்சக்கணக்கானோரைச் சென்றடைந்தது.

அறிவிப்பே இல்லாமலும் வரும். கென்ட்ரிக் லமாரின் ‘ஜிஎன்எக்ஸ்’ 2024 நவம்பர் 22 அன்று முன்னறிவித்தல் எதுவுமின்றி வந்தது. அதே கலைஞரின் 2015 அல்பம் அறிவித்த நாளுக்கு ஒரு கிழமை முன்னதாக வந்தது. இப்படியானவற்றைப் பிடிக்க ஒரே வழி, கலைஞரை ஸ்பொட்டிஃபையில் பின்தொடர்ந்து புதிய வெளியீட்டு அறிவித்தலை ஒன் செய்து வைப்பது.

அறிவித்த திகதி ஏன் இத்தனை தடவை தள்ளிப்போகிறது?

கலைஞரின் சோம்பல் என்று திட்டுபவர்கள் அதிகம். உண்மையான காரணங்கள் பெரும்பாலும் கடதாசிகளில் இருக்கின்றன.

முதற்காரணம் சாம்பிள். ஒரு பழைய பாட்டின் நான்கு செக்கனை எடுத்து பீட் செய்தால் இரண்டு அனுமதி தேவை: ஒலிப்பதிவின் உரிமையாளரிடம் ஒன்று, பாட்டின் வரிகளுக்கும் இசைக்கும் உரிமையாளரிடம் மற்றொன்று. பாட்டை எழுதியவர்கள் நான்கு பேர் என்றால் நால்வரின் பக்கமும் சம்மதிக்க வேண்டும். 1991இல் ராப்பர் பிஸ் மார்க்கிக்கு எதிரான வழக்கில் நியூயோர்க் நீதிமன்றம் அனுமதியில்லாத சாம்பிளைத் திருட்டு என்றே தீர்ப்பளித்தது. அதன்பின் பெரிய லேபிள்கள் பொதுவாகக் கையொப்பம் வராத பாட்டை வெளியிடத் துணிவதில்லை. இதன் கனதியை உணர டி லா சோல் என்ற அமெரிக்க ராப் குழுவைப் பாருங்கள். 1989இல் வந்த அவர்களின் முதல் அல்பம் 2023 மார்ச் 3 வரை ஸ்ட்ரீமிங்கில் இல்லை. சாம்பிள் அனுமதிகளும் பழைய ஒப்பந்தங்களும் அத்தனை ஆண்டுகள் வழிமறித்தன.

அடுத்தது ஒப்பந்தத் தகராறு. லில் வெய்னின் ‘தா கார்ட்டர் 5’ 2014இல் வரவேண்டியது. அவருக்கும் அவருடைய லேபிளுக்கும் இடையிலான வழக்குத் தீர்ந்த பிறகு 2018 செப்டெம்பர் 28 அன்றுதான் வந்தது. விருந்தினர் பாட்டுகளிலும் இதே சிக்கல் உண்டு. வேறொரு லேபிளின் கலைஞர் ஒரு பந்தி பாடினால் அந்த லேபிளின் எழுத்துச் சம்மதம் வேண்டும்.

கடைசி நேர மிக்ஸிங் இன்னொன்று. கோப்புகள் கடைகளுக்குப் போய்ச் சேர நேரம் எடுக்கும். வெளியீட்டு இரவில் பாட்டை மாற்றினால் அல்பம் பிந்தும். பிளேபோய் கார்ட்டியின் ‘மியூசிக்’ 2025 மார்ச் 14 அன்று சொன்ன நள்ளிரவில் வராமல் சில மணித்தியாலம் கழித்தே திறந்தது.

சில அல்பங்கள் வருவதே இல்லை. டொக்டர் ட்ரே ‘டிடொக்ஸ்’ என்று பத்தாண்டுக்கும் மேல் சொல்லிக்கொண்டிருந்தார். 2015 ஓகஸ்டில் அதைக் கைவிட்டதாக அறிவித்து, அதே மாதம் 7ஆம் திகதி ‘கொம்ப்டன்’ என்ற வேறோர் அல்பத்தைத் தந்தார். தனக்குப் பிடிக்கவில்லை என்று ஒருவர் தன் வேலையைக் கீழே வைப்பது அவருடைய உரிமை. ரசிகர்கள் அதை மதிக்கவேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

ப்ரீ-சேவ் (வரப்போகும் அல்பத்தை முன்கூட்டியே சேமித்து வைப்பது) செய்தால் என்ன கிடைக்கும்? ஆபத்து ஏதும் உண்டா?

வெளியீட்டுக் கணத்தில் அல்பம் தானாக உங்கள் நூலகத்தில் சேரும், அறிவித்தலும் வரும். ஸ்பொட்டிஃபையின் உள்ளேயே உள்ள கவுண்ட்டவுன் பக்கத்திலோ அப்பிள் மியூசிக்கின் முன்சேர்ப்பிலோ செய்தால் ஆபத்து இல்லை. வெளி இணைப்பு வழியாகச் செய்யும்போதுதான் கவனம் வேண்டும். அது உங்கள் கணக்குக்குள் நுழைய அனுமதி கேட்கும்: நூலகத்தை மாற்ற, உங்கள் பெயரில் மற்றவர்களைப் பின்தொடர, மின்னஞ்சல் முகவரியைப் பார்க்க. அல்பம் வந்த பிறகு ஸ்பொட்டிஃபை கணக்குப் பக்கத்தைப் பிரவுசரில் திறந்து, அனுமதி பெற்ற செயலிகளின் பட்டியலில் அதை நீக்கிவிடுங்கள். கடவுச்சொல்லைத் தன்னுடைய பக்கத்திலேயே தட்டச்சுச் செய்யச் சொல்லும் இணைப்பை உடனே மூடுங்கள்.

ப்ரீ-சேவ் மட்டும் ஒரு கேட்பாகக் கணக்கில் வராது. ஸ்பொட்டிஃபையில் ஒரு பாட்டு 30 செக்கன் ஓடினால்தான் ஒரு கேட்பு.

ஓர் அல்பத்துக்கு எவ்வளவு டேட்டா போகும்?

60 நிமிட அல்பம் ஒன்றை ஸ்பொட்டிஃபையின் 320 கேபிபிஎஸ் தரத்தில் கேட்டால் ஏறக்குறைய 144 எம்பி. 160இல் 72, 96இல் 43. அப்பிள் மியூசிக்கின் ஒலி இழப்பில்லாத லொஸ்லெஸ் தரத்தில் ஒரு மூன்று நிமிடப் பாட்டே 36 எம்பி அளவு வரும், முழு அல்பம் 700 எம்பியைத் தாண்டும். சாதாரண புளூடூத் ஹெட்செட்டில் லொஸ்லெஸ் முழுமையாக வந்து சேராது, ஆகவே மொபைல் டேட்டாவில் அதை ஒஃப் செய்யுங்கள். யூடியூபில் வீடியோவாக ஓடவிட்டால் படத்துக்கே பெரும்பங்கு டேட்டா போகும். பாட்டு மட்டும் வேண்டுமென்றால் தரத்தை 144பிக்குக் குறையுங்கள்.

வீட்டு இணைப்பில் நள்ளிரவுக்குப் பின்னான தனிக் கோட்டா இருந்தால், 9.30க்கு ஒருமுறை குறைந்த தரத்தில் கேட்டுவிட்டு அன்றிரவே உயர்ந்த தரத்தில் தரவிறக்கி வைப்பது சிக்கனம். தரவிறக்கம் தொடங்காமல் ‘காத்திருக்கிறது’ என்றே நின்றால், மொபைல் டேட்டாவில் தரவிறக்கும் தெரிவு ஒஃப்பில் இருக்கும். அது இயல்பாகவே ஒஃப்தான், செட்டிங்ஸில் போய் மாற்ற வேண்டும்.

இரவு ரயிலில் கொழும்புக்குப் போகிறவர்கள் புறப்படுமுன்பே தரவிறக்கிவிடுங்கள். கந்தளாய் தாண்டிக் கல்ஓயாச் சந்திவரையான காட்டுப்பகுதியில் சிக்னலை நம்ப முடியாது. தரவிறக்கியவற்றைத் தக்கவைக்க 30 நாளுக்கு ஒருமுறையாவது செயலியை இணையத்தில் திறக்க வேண்டும்.

9.30 தாண்டிவிட்டது, அல்பம் தெரியவில்லை. என்ன செய்வது?

முதலில் மாதத்தைப் பாருங்கள். நவம்பர் முதல் ஞாயிறிலிருந்து மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை என்றால் 10.30தான். நேரம் சரியென்றால் செயலியை முற்றாக மூடித் திறந்து, தேடலை விட்டுக் கலைஞரின் பக்கத்துக்கே நேரடியாகப் போங்கள். தேடல் புதுப்பிக்கப்படப் பிந்தும். அதுவும் சரிவரவில்லையென்றால் பிரவுசரில் திறந்து பாருங்கள். அங்கே இருந்தால் பிழை உங்கள் ஃபோனில். செட்டிங்ஸில் கேஷை அழித்தால் சரியாகும், தரவிறக்கிய பாட்டுகள் அழியா.

வீபிஎன் போட்டு நியூசிலாந்துக்காரராக மாறப் பார்ப்பது வீண்வேலை. எந்த நாட்டுப் பட்டியல் காட்டப்படும் என்பது உங்கள் கணக்கு பதிவான நாட்டைப் பொறுத்தது.

லீக் ஆன அல்பத்தைக் கேட்கலாமா?

வேண்டாம். லீக் ஆவது பெரும்பாலும் முடிவடையாத பிரதி. மிக்ஸ் வேறு, பாட்டு வரிசை வேறு, சில வேளை ஒரு பந்தியே இராது. முதல் கேட்பு ஒருமுறைதான் கிடைக்கும், அதை ஒரு வரைவில் செலவழிக்காதீர்கள். டெலிகிராமில் வரும் ‘முழு அல்பம்’ கோப்பு ஏபிகே ஆகவோ ஈஎக்ஸ்ஈ ஆகவோ இருந்தால் அது பாட்டே அல்ல, உங்கள் வங்கிச் செயலிக்குக் கண்ணி.

முதல் தடவை எப்படிக் கேட்பது நல்லது?

முதற்பாட்டிலிருந்து கடைசிப்பாட்டு வரை, வரிசை மாற்றாமல். ராப் அல்பத்தில் இடையில் வரும் உரையாடல் துண்டுகளும் ஒரு பாட்டின் பீட் அடுத்ததற்குள் நுழையும் இடமும் யோசித்து வைக்கப்பட்டவை. ஷஃபிளை ஒஃப் செய்யுங்கள். கிராஸ்ஃபேடைப் பூச்சியத்தில் வையுங்கள், இல்லையேல் ஒரு பாட்டின் கடைசி வரியும் அடுத்ததன் முதல் வரியும் ஒன்றன்மேல் ஒன்று விழும். இடைவெளியின்றி ஓடவிடும் தெரிவை ஒன் செய்யுங்கள். ஈக்வலைசரில் பேஸைக் கூட்டி வைத்திருந்தால் முதல் கேட்புக்கு அதை நேராக்குங்கள். ராப்பில் வழமையாக வரும் ஆழமான 808 டிரம் ஒலி ஏற்கனவே போதிய கனத்தோடுதான் வருகிறது, மேலும் கூட்டினால் குரல் மங்கிவிடும். இலவசக் கணக்கு ஃபோனில் வரிசைப்படி ஓட விடாவிட்டால் கணினியில் கேளுங்கள், அங்கே விளம்பரத்தோடு வரிசையாக ஓடும்.

வரிகள் பிடிபடாவிட்டால் முதல் முறையே நிறுத்தி நிறுத்திப் படிக்க வேண்டாம். இரண்டாம் முறை பாட்டு வரிகளைத் தரும் ஜீனியஸ் தளத்தைத் திறந்து வையுங்கள். முதல் இரண்டு நாளில் அங்கே இருப்பது காதால் கேட்டு எழுதியது, பிழைகள் இருக்கும். ஒரு கிழமையில் பெரும்பாலும் திருந்திவிடும்.

ஒரே அல்பம் இரண்டு முறை தெரிகிறது. எது சரியானது?

பெயருக்குப் பக்கத்தில் ‘E’ என்ற ஆங்கில எழுத்து அடையாளம் உள்ளது முழுமையான பதிப்பு. மற்றது கெட்ட வார்த்தை நீக்கியது, வரிகளில் ஓட்டைகள் இருக்கும். சிறுபிள்ளைகள் உள்ள வீட்டில் ஸ்பீக்கரில் போட அது உதவும். டீலக்ஸ் பதிப்பு சில நாளோ சில கிழமையோ கழித்துத் தனி அல்பமாக வரும். நீங்கள் சேமித்த பழையதில் புதிய பாட்டுகள் தானாகச் சேரா.

வைனிலோ சீடியோ இங்கே எடுப்பிக்கலாமா?

எடுப்பிக்கலாம். சுங்கவரி பொருளின் விலையோடு அனுப்பும் கூலியும் காப்புறுதியும் சேர்ந்த மதிப்பில் கணக்கிடப்படும் என்பதை நினைவில் வைத்து, மொத்தத் தொகையைப் பார்த்த பின் முடிவெடுங்கள். வைனில் அச்சிடவே மாதக்கணக்கு எடுப்பதால், டிஜிட்டல் வந்து வெகுநாள் கழித்தே அனுப்பப்படுவது வழமை. கட்டளையிடும் பக்கத்தில் அனுப்பும் திகதி தனியாக எழுதியிருக்கும். வந்த தட்டை நிமிர்த்தி வையுங்கள். நம் ஊர் வைகாசி, ஆனி வெயிலில் முச்சக்கர வண்டிக்குள் ஒரு மத்தியானம் விட்டால் வளைந்துவிடும்.

பணம் கட்டும்போது வங்கி அட்டை நிராகரிக்கப்பட்டால், வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு உங்கள் அட்டையில் திறந்திருக்கிறதா என்று வங்கியிடம் கேளுங்கள். பல அட்டைகளில் அது பூட்டியே வரும்.

நண்பர்களோடு சேர்ந்து கேட்க ஏற்பாடு செய்வது எப்படி?

எட்டுப் பேர் வரை ஒரு வீட்டு அறை போதும். உள் துறைமுக வீதிக் கடலோரம் நல்ல இடம் என்று தோன்றும், ஆனால் காற்றிலும் வாகனச் சத்தத்திலும் வரிகள் காணாமல் போகும். வெளியில் ஒலிபெருக்கி கட்டுவதானால் பொலிஸ் அனுமதி வேண்டும், இரவு 10 மணிக்குமேல் அதை எதிர்பார்க்க வேண்டாம். அல்பத்தை முன்பே தரவிறக்குங்கள், ஸ்பீக்கரை வயரில் இணையுங்கள், ஃபோனை ஃபிளைட் மோடில் போடுங்கள். நடுவில் ஓர் அழைப்பு வந்து பாட்டு நிற்பதுதான் வழமையான கேடு.

தமிழ் ராப் வெளியீடுகளை எப்படிப் பின்தொடர்வது?

அமெரிக்க அல்பத்துக்குக் காட்டும் அதே அக்கறையோடு. யோகி பியும் நட்சத்திராவும் 2006இல் மலேசியாவிலிருந்து தந்த ‘வல்லவன்’, அறிவின் 2019 ‘தெருக்குரல்’, யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவில் வளர்ந்த ஷான் வின்சென்ட் டி போலின் 2021 ‘மேட் இன் ஜஃப்னா’, எம்.ஐ.ஏ. என்று அறியப்படும் மாயா அருட்பிரகாசத்தின் 2022 ‘மாதா’ ஆகியவை முழு அல்பமாகவே கேட்க வேண்டியவை. அறிவின் பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர் என்பதை அறிந்து கேட்டால் அவருடைய வரிகள் இங்கே இன்னும் நெருக்கமாக ஒலிக்கும்.

தமிழில் பலர் அல்பமாக இல்லாமல் ஒவ்வொரு பாட்டாக, முதலில் யூடியூபில் வெளியிடுகிறார்கள். ஆகவே யூடியூப் மணியையும் அழுத்தி வையுங்கள். தமிழ் எழுத்தில் தேடிக் கிடைக்காவிட்டால் ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று விதமாக எழுதித் தேடுங்கள். ழகரமும் நெடிலும் உள்ள பெயர்களை ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாகப் பதிகிறார்கள்.

திருகோணமலையிலிருந்து நானே வெளியிட விரும்புகிறேன். எவ்வளவு முன்னதாக ஆயத்தமாக வேண்டும்?

பாட்டை ஸ்ட்ரீமிங் தளங்களில் ஏற்றிவிடும் விநியோக நிறுவனத்துக்குக் கோப்பை நான்கு கிழமை முன்னதாக அனுப்புங்கள். 16 பிட், 44.1 கிலோஹேர்ட்ஸ் வேவ் கோப்பு, 3000க்கு 3000 பிக்சல் சதுர அட்டைப்படம் தேவை. ஸ்பொட்டிஃபையின் கலைஞர் பக்கத்தில் ஒரு பாட்டை ஆசிரியர் குழுவுக்கு முன்மொழியலாம். வெளியீட்டுக்கு ஆகக்குறைந்தது 7 நாள் முன் செய்தால், உங்களைப் பின்தொடர்பவர்களின் புதிய பாட்டுப் பட்டியலிலும் அது சேரும்.

அதிகம் பேர் தடுக்கி விழுவது பீட்டில்தான். யூடியூபில் ‘இலவசம்’ என்று போட்டிருக்கும் பீட் பெரும்பாலும் வருமானம் ஈட்டாத பாவனைக்கு மட்டுமே. அதில் பாடி ஸ்ட்ரீமிங்கில் ஏற்றினால் உரிமைக் கோரல் வந்து பாட்டு இறக்கப்படும். குத்தகை வாங்கினால் எத்தனை கேட்பு வரை செல்லும் என்று பத்திரத்தில் பாருங்கள், பத்திரத்தை மின்னஞ்சலில் பத்திரப்படுத்துங்கள். பழைய சினிமாப் பாட்டின் வயலின் துண்டு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அதற்கும் மேலே சொன்ன இரண்டு அனுமதிகள் வேண்டும்.

பெயரை முதல் வெளியீட்டிலேயே ஒரே எழுத்தமைப்பில் நிலைநிறுத்துங்கள். எழுத்து மாறினால் பாட்டு வேறொருவரின் பக்கத்துக்குப் போகும், மீட்கப் பல நாள் எடுக்கும். 2024 முதல் ஸ்பொட்டிஃபையில் 12 மாதத்தில் 1,000 கேட்பைத் தொடாத பாட்டுக்குப் பணம் இல்லை. ஆகவே பத்துப் பாட்டை ஒரே நாளில் கொட்டுவதைவிட, இரண்டு மூன்றை ஆறு கிழமை இடைவெளியில் விட்டுப் பிறகு அல்பத்தைத் தருவது நல்லது. கையெழுத்திடுமுன் விநியோக நிறுவனம் இலங்கை வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்புமா என்றும், ஆண்டுக் கட்டணம் கட்டாவிட்டால் பாட்டை இறக்கிவிடுமா என்றும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.